நூறு மைலுக்கு முன் ஒரு பழவேற்காடு

செஞ்சுரி என்றால் நம்மூரில் எல்லோருக்கும் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். சைக்கிள் ஓட்டுகிறவர்களிடமும் ஒரு செஞ்சுரி உண்டு. அவர்களுடைய கணக்கில் அது 100 மைல். கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 161. அதை ஒரே நாளில் மிதித்து முடிக்க வேண்டும். எதிரணி கிடையாது, கோப்பையும் பெரும்பாலும் கிடையாது. முடித்தவருக்கு மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை வலிக்கும், அவ்வளவுதான் பரிசு! ஆனாலும் 130 வருடங்களுக்கும் மேலாக இந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஒரு கூட்டம் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

இந்த 100 மைலைப் பற்றி அனுபவசாலிகள் ஒரு விஷயம் சொல்வார்கள். செஞ்சுரி ஓட்டும் நாளில் பெரிதாக எதுவும் தீர்மானமாவதில்லை. அதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால் ஓட்டும் நீண்ட பயிற்சி ஓட்டத்திலேயே முடிவு தெரிந்துவிடும். அந்தப் பயிற்சி எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்? மொத்தத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 161இல் மூன்றில் இரண்டு பங்கு 107. முக்கால் என்றால் 121.

சென்னைக்காரர்களுக்கு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது ஓர் ஊர்: பழவேற்காடு. நகரத்தில் எங்கிருந்து கிளம்புகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு வழித் தூரம் 55 முதல் 60 கி.மீ. போய்வந்தால் 110, 120. வழியில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நகரத்தைத் தாண்டிவிட்டால் வயல்வெளி. கடைசியில் ஏரி வந்துவிடும், பாலத்தைத் தாண்டினால் கடல். அதற்கு மேல் போக வழியில்லை, திரும்பித்தான் ஆக வேண்டும்.

இந்த 'திரும்பித்தான் ஆக வேண்டும்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. போகும்போதே திரும்புவதற்கான பலத்தை மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்தான் நெடுந்தூரம் போக முடியும். சைக்கிள் விளையாட்டு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில். பழவேற்காட்டுக் கரையில் அது ரொம்பப் பழைய பாடம். இரண்டு கதைகளையும் வரிசையாகப் பார்க்கலாம்.

53 மைலில் ஆரம்பித்த பைத்தியம்

1817இல் ஜெர்மனியின் கார்ல் வான் டிராய்ஸ் செய்த இரு சக்கர வண்டிக்கு மிதிகட்டையே கிடையாது. காலால் தரையை உந்திக்கொண்டே போக வேண்டும். முன்சக்கரத்தில் மிதிகட்டை வைத்த வண்டி 1860களில் பாரிஸில் பிரபலமானது. மரச் சக்கரம், அதன் மேல் இரும்புப் பட்டை, ஓடுவதோ கல் பாவிய தெரு. ஆங்கிலேயர்கள் அதற்கு 'எலும்புக் குலுக்கி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயரிலேயே அனுபவம் தெரிகிறது.

1869 பிப்ரவரியில் ஜான் மேயல் என்ற இளைஞர் அப்படி ஒரு வண்டியில் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குப் போனார். தூரம் 53 மைல். கிளம்பியவர்கள் மூன்று பேர், கடைசி வரை மிதித்தே போய்ச் சேர்ந்தவர் அவர் ஒருவர்தான். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அது அவருடைய முதல் முயற்சி கிடையாது. அதற்குச் சில வாரங்கள் முன்பு தனியாகக் கிளம்பி, நடுவழியில் களைத்துப் போய், ரயிலேறி வீடு திரும்பியிருந்தார். 'நீண்ட பயிற்சி ஓட்டம்' என்று அதற்கு அன்றைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் அது செய்த வேலை அதுதான்.

அதே 1869, நவம்பர் 7. பாரிஸிலிருந்து ரூவான் நகரத்துக்கு ஒரு போட்டி. ஊர்விட்டு ஊர் போகும் முதல் சைக்கிள் போட்டி என்று வரலாற்றில் இடம் பிடித்தது இதுதான். வென்றவர் ஜேம்ஸ் மூர். எடுத்துக்கொண்ட நேரம் பத்தரை மணிக்குச் சற்று மேல். 'மிஸ் அமெரிக்கா' என்ற புனைபெயரில் ஓட்டிய ஒரு பெண்ணும் அந்தப் போட்டியை முடித்தார். தூரம் எவ்வளவு தெரியுமா? 123 கி.மீ. ஏறக்குறைய சென்னையிலிருந்து பழவேற்காடு போய்த் திரும்பும் தூரம்! அன்று போட்டி வைத்துப் பத்திரிகையில் எழுதிய தூரம், இன்று ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி.

இந்த மாற்றத்துக்குக் காரணம் மனிதக் கால்கள் இல்லை. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய சம அளவில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்தைச் சுழற்ற ஒரு சங்கிலி. இன்றைய சைக்கிளின் உருவம் அப்போதே வந்துவிட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயர் செய்து காப்புரிமை பெற்றார். சங்கிலி வேகத்தைக் கொடுத்தது, காற்று உடம்பைக் காப்பாற்றியது. 100 மைல் என்பது சர்க்கஸ் வித்தையாக இருந்த நிலை மாறி, ஆசைப்பட்ட யாரும் முயலக்கூடிய காரியமானது.

அதற்குப் பிறகு சும்மா இருப்பார்களா? 1891இல் அமெரிக்காவில் 100 மைலுக்கென்றே 'செஞ்சுரி ரோடு கிளப்' என்ற சங்கம் தொடங்கினார்கள். ஓட்டி முடித்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பதக்கம். அதே வருடம் பிரான்சில் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற 1,200 கி.மீ. போட்டி நடந்தது. சார்லஸ் டெரோன் மூன்று நாளுக்குள் முடித்து வென்றார். 1897 ஜூன் 12 அன்று இத்தாலியில் பன்னிரண்டு பேர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கி.மீ. தூரத்தைப் பகல் வெளிச்சத்துக்குள் கடக்கக் கிளம்பினார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களை 'துணிச்சல்காரர்கள்' என்ற பொருளில் 'ஆடாக்ஸ்' என்றார்கள். இன்று சென்னை உட்பட இந்திய நகரங்களில் நடக்கும் 200, 300, 400, 600 கி.மீ. நெடுந்தூர ஓட்டங்களின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 200 கி.மீ. ஓட்டத்துக்கு அனுமதிக்கப்படும் நேரம் பதிமூன்றரை மணி. முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் கிடையாது. நேரத்துக்குள் வந்தால் போதும்.

ஒரு நாளைக்கு 40 பஞ்சர்

இந்தப் பைத்தியம் இந்தியாவுக்கும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. 1897 கடைசியில் ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹன்டர் வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதி இந்தப் பக்கம் சைக்கிளில் சுற்ற ஆரம்பித்தார்கள். மனைவிக்கு 38 வயது, கணவருக்கு 50. இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று இரண்டரை வருடம் நீண்ட பயணம் அது. இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரை மட்டும் சுமார் 4,000 மைல். மொத்தம் 14,000 மைல் என்று 1904இல் வெளியான அவர்களுடைய புத்தகத்தின் தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள்.

கையில் கொண்டுபோனது டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட், டப்பாவில் அடைத்த இறைச்சி, தண்ணீர், ஆளுக்கொரு போர்வை, பஞ்சர் ஒட்டும் சாமான். ரயில் பாதையை ஒட்டியே போனார்கள். சாப்பாட்டுக்கு வேறு வழியில்லாததுதான் காரணம். சில ராத்திரிகளில் ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் படுத்துக்கொண்டார்கள். சில நாட்களில் 40 பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள். நம்மூர் முள்ளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இந்தியச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டுவது என்றால் என்ன என்பது இதில் நன்றாகத் தெரிகிறது. அங்கே தீர்மானிப்பது வேகம் கிடையாது. தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, அடுத்த சாப்பாடு எங்கே என்ற கணக்குதான்.

அம்பத்தூர் வண்டி

வொர்க்மன் தம்பதி காலத்தில் சைக்கிள் இங்கே கப்பலில் வந்து இறங்கும் பொருள். ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ் எல்லாமே இங்கிலாந்துச் சரக்கு. வாங்க முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சுதந்திரத்துக்குப் பிறகு 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலை அம்பத்தூரில். பழவேற்காடு இருக்கும் அதே அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சைக்கிள் தயாராக ஆரம்பித்தது!

அந்த வண்டி கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், கியர் கிடையாது, எடை 20 கிலோ அளவுக்கு வரும். இன்று பயிற்சிக்குப் போகிறவரின் வண்டி 8 முதல் 10 கிலோ. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் பெரியப்பாவும் பேரனும் நிற்பது போலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கறுப்பு வண்டி சுமந்த சுமையைப் பேரன் சுமக்க மாட்டான். பால் கேன், நெல் மூட்டை, வாழைத்தார், பனங்கிழங்குக் கட்டு, பின்னால் கேரியரில் ஒரு குடும்பம், முன்னால் பாரில் ஒரு குழந்தை. வாங்க முடியாதவர்களுக்குத் தெருமுனையில் மணிக்கு இத்தனை காசு என்று வாடகை சைக்கிள் கடை.

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மீன் வியாபாரத்துக்கும் இதே வண்டிதான். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் போட்டுக் கேரியரில் கட்டி, ஐஸ் கரைவதற்குள் உள்நாட்டு ஊர்களில் விற்று முடிக்க வேண்டும். வெயில் ஏற ஏற சரக்கின் விலை இறங்கும். காலை நேரத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய்க் கணக்கு இருக்கிறது. வியாபாரம் முடிந்ததும் வெறும் கூடையோடு, உச்சி வெயிலில், அதே தூரம் திரும்ப வேண்டும். பயிற்சி, போட்டி என்ற வார்த்தையெல்லாம் அங்கே கிடையாது. நாள் தவறாமல் நடந்தது, அவ்வளவுதான். 1980இல் டி.வி.எஸ். 50 வந்த பிறகு சைக்கிள் மீன்காரர்கள் மெல்ல மெல்ல மொபெட்டுக்கு மாறினார்கள். அவர்கள் எத்தனை மைல் ஓட்டினார்கள் என்று எந்தச் சங்கமும் குறித்துவைக்கவில்லை. பதக்கமும் குத்தவில்லை.

இதே வியாபாரத்தில் பெண்களுக்கு ரொம்ப நாள் வரை தலைச்சுமைதான், இல்லாவிட்டால் பஸ். சைக்கிள் ஆணின் வண்டியாகவே இருந்தது. இந்த இடத்தில் புதுக்கோட்டையை நினைக்காமல் இருக்க முடியாது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு ஆனது. 1992 பெண்கள் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப்புறப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது, விளைபொருளைத் தாங்களே சந்தைக்குக் கொண்டுபோக முடிந்தது. 2000களின் முதல் பாதியில் தமிழக அரசு பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பிறகு மாணவர்களுக்கும் விரிவாக்கியது. அந்தப் பெண்களுக்கும் மாணவிகளுக்கும் 100 மைல் தேவைப்படவில்லை. வீட்டிலிருந்து ஐந்து மைல் தாண்ட முடிவதே வாழ்க்கையை மாற்றப் போதுமானதாக இருந்தது.

தண்ணீர் வழியாக வந்த ஊர்

இப்போது பழவேற்காட்டுக்கு வருவோம். இந்த ஊருக்குச் சாலை முக்கியமானது சமீபத்தில்தான். பல நூறு வருடங்கள் இது தண்ணீர் வழியாகப் போய்வரும் ஊர். டச்சுக்காரர்கள் 1610 வாக்கில் இங்கே இடம் பிடித்து, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைநகர். இங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணியின் பெயர் மலாய் மொழியில் இன்றும் 'பெலிக்கட்'. பழவேற்காடுதான் அங்கே போய் அப்படி ஆகிவிட்டது. கைலி கட்டிக்கொண்டு திரியும் மலேசியர் ஒருவர் தன்னை அறியாமலேயே இந்த ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்! கடைசியாக 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதற்குள் சென்னைதான் பெரிய துறைமுகம், பழவேற்காடு ஓரமாக ஒதுங்கிவிட்டது.

சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே அடுத்து வந்ததும் தண்ணீர்ப் பாதைதான். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், வடக்கே பழவேற்காட்டு ஏரி வழியாக நீண்டுகொண்டே போனது. 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக நகரத்துக்குள்ளும் வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் மற்ற சரக்கும் படகில் பேசின் பிரிட்ஜ் வரை வந்தன. ரயில் பாதை பொன்னேரியோடு விலகிப் போய்விட்டது. பொன்னேரி ரயில் நிலையத்திலிருந்து பழவேற்காட்டுக்கு இன்னும் 18 கி.மீ.க்குக் குறையாது. அந்தக் கடைசித் தூரம்தான் சைக்கிளுக்கென்றே விடப்பட்டது போல இருந்தது.

வயலும் காற்றும் வரவு செலவும்

இன்று பயிற்சிக்குப் போகிறவர்களில் பலர் எடுக்கும் வழி கல்கத்தா நெடுஞ்சாலை. செங்குன்றம், காரனோடையில் கொசஸ்தலை ஆறு, பிறகு தச்சூர் கூட்டுச்சாலையில் வலப்பக்கம் திரும்பினால் பொன்னேரி. பொன்னேரியில் ஆரணி ஆறு. அது கடைசியில் கலப்பது பழவேற்காட்டு ஏரியில்தான். ஆற்றோடு கூடவே போகிற மாதிரிதான் சாலையும். பொன்னேரி தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று திருவள்ளூர் மாவட்டத்தில் மூன்று பட்டம் உண்டு. எந்த மாதம் போகிறார்கள் என்பதைப் பொறுத்து நாற்று, பச்சை, பொன்னிறம், வெறும் தாள் என்று காட்சி மாறும். அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். சைக்கிள்காரர்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

திருப்பாலைவனம் தாண்டினால் காற்றில் உப்பு வாசனை வந்துவிடும். இந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேடு இல்லாத நிலத்தில் சைக்கிள்காரருக்கு மலை என்றால் எதிர்க்காற்றுதான். கடலோரத்தில் ராத்திரி நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று போகும். பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று திரும்பும். ஆக, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இருட்டோடு கிளம்பிக் கிழக்கே போகிறவருக்குப் போகும்போதும் முதுகில் காற்று, முற்பகலுக்கு மேல் மேற்கே திரும்பும்போதும் பெரும்பாலும் முதுகில் காற்று!

இதைக் கண்டுபிடித்தது சைக்கிள்காரர்கள் கிடையாது. பாய் விரித்த கட்டுமரக் காலம் முழுவதும் மீனவர்கள் இதை வைத்தே தொழில் செய்தார்கள். நிலக்காற்றில் இருட்டோடு கடலுக்குள் போவது, கடற்காற்றில் கரை திரும்புவது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல் என்று தமிழில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் இருப்பது சும்மா அழகுக்காக இல்லை. ஜூன், ஜூலையில் மேல்காற்று பலமாக அடிக்கும். கடற்காற்று தாமதமாகும், சில நாள் வராமலே போகும். அப்போது பழவேற்காடு வரை பறந்து போனவர், திரும்பும்போது ஒவ்வொரு மிதிக்கும் அனுபவிப்பார். 'போகும்போது சுலபமாக இருக்கிறதே' என்று மகிழ்வதுதான் ஆபத்து. கடலில் அந்தத் தப்புக்கு விலை அதிகம், சாலையில் கொஞ்சம் குறைவு.

இனி உடம்பின் வரவு செலவு. சாப்பிட்ட மாவுச்சத்தைத் தசையும் கல்லீரலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்துவைக்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் பெரியவருக்கு இந்த இருப்பு 400 முதல் 500 கிராம். கிராமுக்கு 4 கலோரி என்றால் 1,600 முதல் 2,000 கலோரி. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறவர் மணிக்கு 400, 450 கலோரி செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழவேற்காடு போய்வர 6 மணி நேரம். செலவு 2,400 முதல் 2,700. கையிருப்போ அதிகபட்சம் 2,000. துண்டு விழுகிறது!

கொழுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அதிலிருந்தும் ஒரு பங்கு வருகிறது. ஆனால் அது வைப்புநிதி மாதிரி. கேட்டவுடன் கேட்ட அளவு கையில் கொடுக்காது. கிளைகோஜன் தீர்ந்தால் கை கால் நடுங்கும், கண் இருட்டும், பத்து கிலோமீட்டர் நூறு கிலோமீட்டராகத் தெரியும். இந்த இருப்பின் மகிமையைக் காட்டியதும் ஒரு சைக்கிள்தான். ஸ்வீடனில் ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரே பயிற்சி சைக்கிளில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும் வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து உணவு. தசையிலிருந்து துளி எடுத்துப் பார்த்தால், வேலை செய்த காலில் மட்டும் கிளைகோஜன் இருப்பு மற்றக் காலைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. 1966இல் இது வெளியானது. உடம்பு ஒரு முறை காலியாகிப் பார்த்தால்தான் அடுத்த முறை அதிகம் சேர்த்துவைக்கிறது! நீண்ட பயிற்சி ஓட்டம் ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

துண்டை நிரப்பும் வழி எளிமையானது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, பசிக்கும் முன்பே. ஒரு வாழைப்பழம், இரண்டு கடலைமிட்டாய், பொன்னேரியில் நாலு இட்லி. வியர்வையில் போகும் உப்பும் தண்ணீரும் தனிக் கணக்கு. செஞ்சுரி அன்று இதையெல்லாம் புதிதாகச் செய்து பார்க்க முடியாது. எந்த வேகத்தில் போனால் திரும்ப முடிகிறது, எதைச் சாப்பிட்டால் வயிறு தாங்குகிறது என்பதெல்லாம் பழவேற்காட்டுச் சாலையில் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் 161இல் மிச்சம் இருப்பது 41 கி.மீ.தான். அதற்குப் புது வித்தை எதுவும் தேவையில்லை, அதே கணக்கை இன்னும் இரண்டு மணி நேரம் நீட்டினால் போதும்.

நகரமும் இதே சாலையில்தான் வருகிறது

பயிற்சிக்குப் போகிறவர் வயலைப் பார்த்து 'என்ன அமைதி' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் இந்தச் சமவெளியிலிருந்து நகரம் நிறையவே எடுத்திருக்கிறது. சென்னையின் குடிநீருக்காக 1960களின் கடைசியிலிருந்து இந்த ஆற்றுப் படுகைகளில் நிலத்தடி நீரை இறைத்ததில், மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கிணறு உவர்ப்பானால் நெல்லுக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர் துறைமுகம், 2010இல் மீஞ்சூர் அருகே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, அதன் பிறகு காட்டுப்பள்ளி துறைமுகம். மீஞ்சூர் வழிச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டியதும் சைக்கிள்காரர்கள் தச்சூர் வழிக்கு ஒதுங்கினார்கள். மீனவர்களுக்கு ஒதுங்க வேறு ஏரி கிடையாது. காட்டுப்பள்ளி துறைமுகத்தை வடக்கே விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டுக் குப்பங்கள் எதிர்த்ததற்குக் காரணம் இதுதான். கரை அரிக்கும், முகத்துவாரம் தூர்ந்துவிடும், முகத்துவாரம் அடைந்தால் ஏரியில் மீனும் இறாலும் ஏறாது என்பது அவர்களுடைய பயம்.

ஏரியிடமிருந்தும் நிலத்திடமிருந்தும் எடுப்பவர்கள் திரும்புவதற்கு மிச்சம் வைக்கிறார்களா என்று கேட்டால், சைக்கிள்காரரின் கணக்கும் மீனவரின் கணக்கும் ஒரே பக்கத்தில்தான் நிற்கும். போகிற வேகத்தில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால் வீடு போய்ச் சேர முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பழவேற்காட்டுச் சாலையில் ஓட்ட நினைப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போவது நல்லது. ஏரியில் பூநாரைகளும் இருக்கும். விடிவதற்கு முன் கிளம்புகிறவர்கள் பின்விளக்கு இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏறவே கூடாது. ஏரிக்கரையில் அரை மணி நேரமாவது இறங்கி உட்கார வேண்டும். டச்சுக் கல்லறைகளைப் பார்க்கலாம், படகுத்துறையில் டீ குடிக்கலாம். திரும்பும் வழியில், மீன் பெட்டி கட்டிய வண்டி ஏதாவது மணியடித்து முந்திக்கொண்டு போனால் துரத்த வேண்டாம், வழி விட்டுவிடலாம். அவருக்கு ஐஸ் கரைகிறது.